ஆர்த்ரோஸ்கோபி கருவிக்கு ஏழு வருடக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர். சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். முழங்கால், தோள்பட்டை ஆர்த்ரோஸ்கோபிக்கு (சிறு துளை வழியே கேமராவால் பார்த்துச் செய்யும் மூட்டு அறுவை) முழு செட் வாங்க வங்கி ஏழு வருடக் கடன் தருகிறது. ஒரு நிறுவனமோ, "கருவியை இலவசமாக வைக்கிறோம், ஷேவர் பிளேடு (திசுவைச் சீவி எடுக்கும் முனை), ஆங்கர் (கிழிந்த திசுவை எலும்போடு பிடித்து வைக்கும் சிறு பிடிப்பான்) எல்லாம் எங்களிடமே வாங்க வேண்டும்" என்கிறது. எதை ஏற்கலாம்?

பதில்: டாக்டர், 'முழு செட்' என்று ஒரே கடனில் போடாதீர்கள். அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. பிராப், பஞ்ச், கிராஸ்பர் போன்ற கைக்கருவிகள் ஒழுங்காகப் பராமரித்தால் பல வருடம் வரும். அவற்றைக் கைப்பணத்தில் வாங்குங்கள். கேமராவும் மானிட்டரும் சீக்கிரம் பழையதாகிவிடும். ஏழு வருடம் தவணை கட்டினால், மாற்ற வேண்டிய கேமராவுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இவற்றுக்குக் குறுகிய காலக் குத்தகையே என் தேர்வு.

மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான நான்கு மில்லிமீட்டர் ஸ்கோப்பை மட்டும் இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி லென்ஸ். ஷேவர் நுனி பட்டாலோ, கழுவும்போது வளைந்தாலோ போச்சு. மாற்று இல்லையென்றால் அன்றைய அறுவைகள் எல்லாம் நின்றுவிடும்.

இலவசக் கருவி உண்மையில் இலவசமில்லை. பிளேடு, திசுவைச் சுட்டு நீக்கும் ரேடியோ அலை முனை, ஆங்கர் ஆகியவற்றில் அவர்கள் விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள வித்தியாசத்தை, ஓர் அறுவைக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒப்பந்தக் காலத்தில் எதிர்பார்க்கும் அறுவைகளால் அதைப் பெருக்கினால் கருவியின் உண்மையான விலை வந்துவிடும். அதைவிட ஆபத்து குறைந்தபட்சக் கொள்முதல் நிபந்தனை. நோயாளிகள் குறைந்த மாதத்திலும் பணம் கட்ட வேண்டியிருக்கும். அந்த நிபந்தனை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, எத்தனை அறுவை வரும் என்று எப்படிக் கணக்கிடுவது? தேய்மான முழங்கால் வலியை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நோயாளிகளில் அநேகமாக யாருக்குமே ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம் என்று 2017-ல் பிஎம்ஜே மருத்துவ இதழின் வழிகாட்டுதல் அழுத்தமாகச் சொன்னது உங்களுக்குத் தெரிந்ததே. விபத்தில், விளையாட்டில் தசைநார் கிழிந்தவர்கள், தோள்பட்டை திரும்பத் திரும்ப விலகுபவர்கள் போன்றவர்களை மட்டும் வைத்துத் தவணை கட்ட முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம்; வசதியுள்ள வேறொரு மருத்துவமனையின் தியேட்டரில் போய்ச் செய்யுங்கள். மாதத் தவணை நெருக்கும்போது, தேவையில்லாத முழங்காலில் துளை போடத் தோன்றும். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோகும் எந்தக் கடனுக்கும் நான் சரி சொல்ல மாட்டேன்.

வாங்குவதென்று முடிவானால், ஸ்கோப் பழுதானால் மாற்று எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.