கஞ்சா, ஓட்டம், பதின்வயது மூளை: கேள்வி பதில்

வணக்கம். நான் போதை மீட்புச் சிகிச்சையில் இருக்கும் மனநல மருத்துவர். பதின்வயதுப் பிள்ளைகள், கஞ்சா, உடற்பயிற்சி ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு 16 வயது. 400 மீட்டர் ஓடுகிறவன். பையில் கஞ்சாப் பொட்டலம் கிடைத்தது. கேட்டால், "தினமும் ஓடுறேன், வேர்வையில எல்லாம் போயிடும்" என்கிறான். உண்மையா டாக்டர்?

இல்லை அம்மா. கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. கொழுப்பில் போய்த் தங்கும். அங்கிருந்து மெல்லக் கசிந்து, கல்லீரலில் மாறி, பெரும்பகுதி மலத்திலும் மீதி சிறுநீரிலும் வெளியேறும். வேர்வைக்கு இதில் பெரிய பங்கில்லை. 2013-இல் சிட்னியில், வழக்கமாகப் புகைக்கும் 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டி.எச்.சி. குறையவில்லை, கொஞ்சம் கூடியது. கொழுப்பு கரையும்போது அதில் இருந்ததும் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது.

ஆனால் உடம்பில் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பிரச்சினைதான். நம் மூளையே கஞ்சாவைப் போன்ற சில பொருட்களைச் சுரக்கிறது. அதில் ஒன்றை 1992-இல் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற நம் சொல்லை வைத்தே ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். பதின்வயதில் மூளை, தேவையில்லாத நரம்பு இணைப்புகளை முருங்கையைக் கவாத்து செய்வது போலக் கழித்து, தேவையானதைப் பலப்படுத்துகிறது. யோசித்து முடிவெடுக்கும் முன்மூளையில் இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதில் இந்த உள்சுரப்புகளுக்கும் பங்கு உண்டு. அவை சிறிய அளவில், தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் வந்து போகும். வெளியிலிருந்து வரும் டி.எச்.சி. ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் நிறைந்து மணிக்கணக்கில் நிற்கும். 16 வயதில் வேண்டாம் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

உங்கள் மகனிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வரும் அந்த இதமான நிலைக்கு, உடம்பே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின்தான் காரணம் என்று பல காலம் சொன்னார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 63 பேர் பங்கேற்ற சோதனையில், எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். 2021-இல் முடிவு வந்தது: மருந்தைக் கொடுத்தும் அந்தச் சுகம் குறையவில்லை. ரத்தத்தில் ஆனந்தமைடும் கூடியிருந்தது. அவன் பொட்டலத்தில் தேடுவதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை அவன் கால்களே கொடுக்கின்றன.

ஒரு வேண்டுகோள்: கோபத்தில் ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கோவை, 19 வயது: ஜிம்முக்கு முன்னால் ரெண்டு இழுப்பு இழுத்தால் ஃபோகஸ் வருகிறது. தப்பா?

தப்புதான் தம்பி. கஞ்சா நாடித்துடிப்பைக் கூட்டும், அதன் மேல் எடை தூக்குவது இதயத்துக்கு இரட்டைச் சுமை. மாரடைப்பு வந்தவர்களிடம் செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2001-இல் வெளியானது. புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆபத்து 4.8 மடங்கு என்றது. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள், உண்மைதான். ஆனாலும் நெஞ்சு படபடக்கும்போது பார்பெல் பக்கம் போகாதீர்கள்.

அதே தம்பி: அப்போ எந்த புரோட்டீன் பவுடர் நல்லது?

என் துறை இல்லை. உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

சேலம்: உடற்பயிற்சியால் கஞ்சாவை விட முடியுமா?

தனியாக அது போதாது, ஆனால் நல்ல துணை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், கஞ்சாவுக்கு அடிமையான, விடும் எண்ணமே இல்லாத 12 பெரியவர்களை இரண்டு வாரத்தில் 10 முறை, அரை மணி நேரம் ட்ரெட்மில்லில் ஓடவைத்தார்கள். ஏக்கமும் புகைத்த அளவும் பாதிக்கு மேல் குறைந்தன. மிகச் சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அதனால் அற்புதம் என்று சொல்லமாட்டேன். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் உச்சத்தில் இருக்கும். வழக்கமாகப் புகைக்கும் சாயங்கால நேரத்தில் மைதானத்தில் இருந்தால் அந்த நாட்களைக் கடப்பது எளிது.

பொறியியல் மாணவர்: கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டத்தில் "கஞ்சா அடித்தால் ஐ.க்யூ. 8 புள்ளி குறையும்" என்றார்கள். 2016-இல் இரட்டையர் ஆய்வு இதை மறுத்துவிட்டதே?

நல்ல கேள்வி. அந்த 8 நியூசிலாந்தின் டனீடன் ஆய்விலிருந்து வருகிறது. 1972-73-இல் பிறந்த 1,037 பேரை 38 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பதின்வயதில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் விடாமல் அடிமையாகவே இருந்தவர்களுக்குத்தான் சராசரியாக 8 வரை குறைந்தது. எப்போதோ புகைத்தவருக்கு அந்த எண் பொருந்தாது. குடும்ப வசதி வேறுபாடே காரணமாக இருக்கலாம் என்று 2013-இல் நார்வேயிலிருந்து மறுப்பு வந்தது. 2016 ஆய்வில், இரட்டையரில் புகைத்தவர் புகைக்காதவரைவிட மோசமாகிவிடவில்லை. ஆனால் அது 17-20 வயதோடு நின்றுவிட்டது. இருபது வருடம் புகைத்தவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அவரே: அப்போ நிரூபணம் இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

ஐ.க்யூ. பற்றிக் கேட்டால், ஆம், முடிவாகவில்லை. நினைவாற்றல் வேறு கதை. 2018-இல் பாஸ்டனில், வழக்கமாகப் புகைக்கும் 16 முதல் 25 வயதுள்ள 88 பேரில் ஒரு பகுதியினரை ஒரு மாதம் நிறுத்த வைத்தார்கள். புதிய சொற்களைக் கற்று நினைவில் வைப்பது மேம்பட்டது, அதுவும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. நிறுத்தாதவர்களுக்கு மேம்படவில்லை.

பள்ளி ஆசிரியர் ஒருவர்: "முடிவாகவில்லை" என்று பொதுவில் சொல்லலாமா டாக்டர்? பிள்ளைகளுக்குத் துளிர்விட்டுப் போகாதா?

சொல்லத்தான் வேண்டும் சார். "ஒரு இழுப்பில் மூளை அழியும்" என்று நாம் சொல்கிறோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் புகைத்துவிட்டு முதல் மதிப்பெண் வாங்குகிறான். அதற்குப் பிறகு நாம் சொல்லும் உண்மையான ஆபத்தையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

உண்மையான ஆபத்து, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநோய். சுவீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைத் தொடர்ந்த ஆய்வு 1987-இல் வந்தது. 50 தடவைக்கு மேல் புகைத்திருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வரும் வாய்ப்பு 6 மடங்கு. மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்தபின் அது குறைந்தது, ஆனால் மறையவில்லை. 2019-இல் வந்த ஆய்வில், வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு இத்தகைய மனநோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஒரு தடவைகூடத் தொடவேண்டாம். இதை வகுப்பில் சொல்லுங்கள் சார்.

மதுரை: எலுமிச்சைச் சாறு குடித்து ஓடினால் யூரின் டெஸ்டில் வராதாமே?

மறுபடியும் அதே கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள்.

பெயர் வேண்டாம்: கஞ்சா இயற்கை மூலிகைதானே?

அரளியும் இயற்கைதான். பதின்வயது மூளையை என்ன செய்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வேலூர் அப்பா: மகன் கிரிக்கெட் கோச்சிங்கில்தான் கஞ்சா பழகினான். கோச்சிங்கை நிறுத்திவிட்டோம். போலீஸிலும் சொல்லலாமா?

சட்டத்துக்கு வழக்கறிஞரிடம் போங்கள். கிரிக்கெட்டை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. தண்டனையாக விளையாட்டைப் பறிக்காதீர்கள். பறித்தால் சாயங்காலம் முழுக்க வெறுமையாகிவிடும், அந்த நேரத்துக்கு அவனிடம் மிஞ்சுவது கஞ்சாதான். அந்த மைதானம் சரியில்லை என்றால் வேறு மைதானம் பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதே தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓட்டம், விளையாட்டு.

ஓசூர்: வாரம் ஒரு தடவைதான், மற்ற நாளெல்லாம் பேட்மிண்டன். ஈடாகுமா?

ஆகாது. இது கழித்தல் கணக்கு இல்லை. பேட்மிண்டனை விடவேண்டாம், கஞ்சாவை விடுங்கள்.

22 வயதுப் பெண்: 15-இல் தொடங்கினேன். நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. மூளை பழையபடி ஆகுமா டாக்டர்?

ஆறு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் அம்மா. தினமும் புகைத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. டி.எச்.சி. போய் ஒட்டும் ஏற்பிகள் அவர்களுக்குக் குறைந்திருந்தன. நிறுத்திய நான்கு வாரங்களில் அவை ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பின. பதின்வயதில் நடந்த கவாத்து முழுக்கத் திருத்தப்படும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உங்களுக்கு 22தான், முன்மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நேரத்துக்குத் தூங்குங்கள், மூச்சு வாங்கும் அளவுக்குத் தினமும் நடங்கள் அல்லது ஓடுங்கள். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயம் இருந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.