வீல் நட் எவ்வளவு இறுக்க வேண்டும்? நீலகிரி கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

குன்னூரிலிருந்து: என் காருக்கு வீல் நட் டார்க் (இறுக்கும் திருகுவிசை) எவ்வளவு? எல்லாக் காருக்கும் 100 நியூட்டன் மீட்டர் வைத்தால் போதும் என்கிறார்களே, சார்?

போதாது. காரோடு வந்த ஓனர் மேனுவலைத் திறங்கள். ஸ்டெப்னி மாற்றும் பகுதியிலோ, கடைசிப் பக்கங்களில் உள்ள அளவு அட்டவணையிலோ எண் இருக்கும். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108, ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு 120. போலோவில் நட்டே கிடையாது, போல்ட்தான். மாருதியில் பழைய மாடல்கள் பலவற்றுக்கு 85 நியூட்டன் மீட்டர்தான். ஒரே பெயரில் வரும் காருக்கும் மாடல் மாறும்போது எண் மாறலாம். அதனால் பக்கத்து வீட்டுக் காரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள்.

மேனுவலில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்கில் இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள். அடி பவுண்டில் இருந்தால் 1.36ஆல் பெருக்குங்கள். டார்க் ரெஞ்சில் (வைத்த டார்க் வந்ததும் ‘டிக்’ என்று ஒலிக்கும் ஸ்பேனர்) நியூட்டன் மீட்டர், அடி பவுண்டு இரண்டு அளவுகோலும் அருகருகே பொறித்திருக்கும். 103 அடி பவுண்டில் வைத்துவிட்டால் அது 140 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

கூடலூரிலிருந்து: டார்க் ரெஞ்ச் இல்லை. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று இறுக்குகிறேன். சரியா அண்ணா?

வேண்டாம். ஸ்பேனரின் கைப்பிடி 35 செ.மீ., உங்கள் எடை 65 கிலோ என்றால் நட்டில் விழுவது ஏறக்குறைய 223 நியூட்டன் மீட்டர். தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்டட், அதாவது நட் ஏறும் மரைக் கம்பி, இழுபட்டு நீளும். இன்று தாங்கும், இன்னொரு நாள் கழற்றும்போது முறியும்.

அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கொழுந்து எடை போடும் தொங்கு தராசு எஸ்டேட் பக்கம் எங்கும் கிடைக்கும். ஸ்பேனரைத் தரைக்கு இணையாக நிறுத்தி, நட்டின் நடுவிலிருந்து 35 செ.மீ. தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி, நேர் கீழாக இழுங்கள். 30 கிலோ காட்டினால் 103 நியூட்டன் மீட்டர். சாய்வாக இழுத்தால் கணக்கு தப்பும். மற்ற நீளங்களுக்கு: டார்க்கை 9.8ஆலும், பிறகு மீட்டரில் உள்ள நீளத்தாலும் வகுத்தால் கிலோ வரும். இது ஊருக்கு வந்து சேரும் வரைக்கான ஏற்பாடுதான்.

ஊட்டியிலிருந்து: மழையிலும் மேகத்திலும் ஸ்டட் துருப்பிடிக்கிறது. கிரீஸ் தடவி இறுக்கலாமா?

எல்லாரும் கவனிக்க வேண்டிய கேள்வி இது. நாம் உண்மையில் வேண்டுவது டார்க்கை அல்ல, ஸ்டட்டில் ஏறும் இழுவிசையை. அதுதான் வீலை ஹப்போடு (வீல் மாட்டும் அச்சு முனைத் தட்டு) அழுத்திப் பிடிக்கிறது. நீங்கள் கொடுக்கும் டார்க்கில் பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுவிசையாகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் நட்டின் இருக்கையிலும் (நட் ரிம்மில் உட்காரும் இடம்) உராய்வாகப் போகிறது. மேனுவல் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அதன் எண் சுத்தமான, உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் போட்டால் உராய்வு குறைந்து, அதே 103க்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும். துரு இருந்தால் நேர்மாறு: ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லிவிடும், வீலோ இறுகியிருக்காது. இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

ஆகவே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். நட்டை விரலாலேயே கடைசிவரை திருகிப் பாருங்கள். நடுவில் நின்றால் மரை கெட்டிருக்கிறது. நட்டின் கூம்பு முகத்தையும் பாருங்கள்: பளபளப்பு முழு வளையமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் நட் கோணலாக உட்காருகிறது. ஹப்பும் ரிம்மும் சேரும் முகத்தில் துருச் செதில் இருந்தால் சுரண்டி எடுங்கள். அது ஓட்டத்தில் நொறுங்கினால் அந்த இடைவெளி அளவுக்கு நட் தளர்ந்துவிடும். துருவைத் தடுக்க ஹப்பின் நடுவளையத்தில் மட்டும் லேசாக கிரீஸ் தடவலாம். ஸ்டட்டிலும் கூம்பிலும் படக்கூடாது.

கோத்தகிரியிலிருந்து: பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கினார்கள். அதன்பின் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது.

நட்டுகள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இறுகி டிஸ்க் கோணியிருக்க வாய்ப்பு அதிகம். எல்லா நட்டையும் தளர்த்தி, சரியான வரிசையில் மறுபடி இறுக்கி ஓட்டிப் பாருங்கள். உதறல் நிற்கவில்லையென்றால் டிஸ்க்கை அளக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கன்னால் நட் தொடும் வரை மட்டும் ஓட்டச் சொல்லி, கடைசி இறுக்கலைக் கையால் செய்யுங்கள்.

மஞ்சூரிலிருந்து: அந்த வரிசை எப்படி?

நான்கு நட் என்றால் எதிரெதிராக. ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் வரைவது போல. ஜாக்கியில் இருக்கும்போது எல்லா நட்டையும் கையால் உட்காரவைத்து, ஸ்பேனரால் லேசாகப் பிடியுங்கள். வண்டியை இறக்கியபின் முதல் சுற்றில் பாதி டார்க், இரண்டாம் சுற்றில் முழு டார்க். ரெஞ்சை மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். ஒருமுறை ‘டிக்’ கேட்டால் நிறுத்துங்கள். நிச்சயத்துக்காக நாலு முறை இழுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கூடுகிறது.

குன்னூரிலிருந்து: மேட்டுப்பாளையம் இறங்கியதும் செக் பண்ணலாமா?

உடனே வேண்டாம். மலை இறங்கிய சூட்டில் ஹப்பும் ரிம்மும் விரிந்திருக்கும். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டில் இறுக்கினால் ஆறியபின் அலாய் (அலுமினியக் கலவை) ரிம் அதிகம் சுருங்கி, பிடிப்பு குறைந்துவிடும். வீலைத் தொட்டால் சில்லென்று இருக்கும்போது, காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். வீல் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ.க்குள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். புது அலாய்க்கு இது இன்னும் முக்கியம்.

பந்தலூரிலிருந்து: அலாய் போட்டேன். பழைய நட்டே பொருந்துகிறது, விட்டுவிடலாமா?

மரை பொருந்துவது வேறு, இருக்கை பொருந்துவது வேறு. கூம்பு, உருண்டை, வாஷரோடு தட்டை என்று மூன்று வகை உண்டு. ஹோண்டாவின் சொந்த அலாய்க்கு உருண்டை இருக்கை. வெளியே வாங்கும் அலாய் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. மாற்றிப் போட்டால் மெல்லிய கோட்டில்தான் தொடும், எந்த டார்க்கும் நிற்காது. அலாய்க்கு உரிய நட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஊட்டியிலிருந்து: ஒரு ஸ்டட் முறிந்துவிட்டது. மூன்று நட்டோடு கோவை போய் மாற்றிக்கொள்ளலாமா?

நான்கு ஸ்டட் காரென்றால் அப்படியே மலை இறங்காதீர்கள். ஊட்டியிலேயே ஸ்டட் மாற்றுங்கள். ஒன்று முறிந்தால் அதன் இருபுறமும் இருப்பவை கூடுதல் பாரம் சுமந்திருக்கும், அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வீல் தளர்ந்த நிலையில் ஓடியிருந்தால் அந்த வீலின் எல்லா ஸ்டட்டும் புதிதாகட்டும். ரிம்மின் ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் ரிம்மையும் மாற்ற வேண்டும்.