கோத்தகிரிக் கணினிக்கு எந்த ரேம் சேரும்?

கேள்வி: கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சான்றிதழ் விண்ணப்பங்களைப் பதிவேற்றும்போது கணினி திணறுகிறது. 4 ஜிபி ரேம் ஒன்றுதான் இருக்கிறது. எச்61 மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை கோர் ஐ3 பிராசசர். கோவைக்குப் போய் 8 ஜிபி டிடிஆர்4 வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் உட்காரவே இல்லை. ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்தப் பாதி விலை ரேமை வாங்காதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன், கையில் இருக்கும் டிடிஆர்4ஐப் பத்திரப்படுத்துங்கள். அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் எச்61 போர்டு முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்3க்கு உரியது. டிடிஆர்3க்கு 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 288, 1.2 வோல்ட். நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் அடிவிளிம்பில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். தவறான ரேம் உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை அங்கே வைத்திருக்கிறார்கள். பலம் காட்டினால் உடைவது ஸ்லாட்தான்.

இனி அந்த மலிவு ரேம். 8 ஜிபி டிடிஆர்3இல் பெரும்பாலும் பக்கத்துக்கு எட்டாக 16 சிப்கள் இருக்கும். பிராசசர் ஒரே நேரத்தில் 64 பிட் கேட்கிறது. ஒரு சிப் 8 பிட் தந்தால் எட்டு சிப்கள் சேர்ந்து ஓர் அணி. 16 சிப்கள் இரண்டு அணி. லேபிளில் ‘2ஆர்எக்ஸ்8’ என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். மலிவாக விற்கும் சில ரேம்களில் ஒரு சிப் 4 பிட் மட்டுமே தரும்; பதினாறும் சேர்ந்தால்தான் ஓர் அணி. ஏஎம்டி நிறுவனப் பிராசசருக்கான சில போர்டுகள் இந்த அமைப்பை ஏற்கும், உங்கள் இன்டெல் பிராசசர் ஏற்காது. கணினியை இயக்கினால் பீப் ஒலி கேட்கும், திரை கறுப்பாகவே நிற்கும். இரண்டு வகையிலும் சிப்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பதால் படத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்ற வரி விவரக்குறிப்பின் அடியில் எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும், சில விற்பனையாளர்கள் அதையும் போடுவதில்லை. எளிய கடைக்காரர்களின் பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3, 1600 வேகம். லேபிளில் ‘பிசி3-12800யு’ என்று இருக்கும். 1600ஐ 8ஆல் பெருக்கினால் வருவதே அந்த 12800. கடைசி எழுத்து ‘யு’தானா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே ‘ஆர்’ இருந்தால் அது சர்வரிலிருந்து கழற்றியது, உங்கள் போர்டில் ஓடாது. எச்61 ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி வரை தாங்கும். இருந்தாலும் உங்கள் வேலைக்கு இன்னொரு 4 ஜிபி போதும் என்பேன். ஒரே அளவில் இரண்டு இருந்தால் பிராசசர் இரண்டு வழியிலும் ஒருசேரப் படிக்கும், செலவும் குறைவு. ஒன்றின் வேகம் 1333, மற்றொன்றின் வேகம் 1600 என்றாலும் பாதகமில்லை. இரண்டும் 1333இல் ஓடும்.

பணம் கொடுக்கும் முன், உங்கள் கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 90ஐத் தொட்டு நின்றால் ரேம்தான் குறை. 60இல் இருக்கும்போதே திணறினால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அந்தப் பணத்தை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் வேகமான எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண்.

நம் மலைக்கென்றே ஒரு விஷயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கதவைத் திறந்தால் மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அந்த ஈரம் ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் படிந்து மங்கலான ஒரு படலமாகிவிடும். குன்னூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த கணினி மூன்று முறை பீப் அடித்து நின்றது. புது ரேம் வாங்க அவர் தயாராகவே இருந்தார். கழற்றிப் பார்த்தால் முனைகளில் பழுப்புக் கோடுகள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, உலரவிட்டுப் பொருத்தியதும் ஓடியது. அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். துகள் ஸ்லாட்டுக்குள் விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பொருத்தும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றி வையுங்கள். உறைபனி மாதங்களின் வறண்ட காற்றில் கம்பளி உரசி உண்டாகும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கக்கூடும். கேபினெட்டின் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, ரேமின் இரு ஓரங்களையும் சமமாக அழுத்துங்கள். கொக்கிகள் ‘டக்’கென்று தாமாக மூடிக்கொள்ள வேண்டும்.

கோவைக்கு மறுபடி இறங்கும்போது பழைய ரேமின் லேபிளையும், மதர்போர்டில் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருக்கும் முழு மாடல் பெயரையும் கைபேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். டிடிஆர்4ஐ பில்லோடு கொண்டுபோய் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். புது ரேமை எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் தெரிந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.