எம்.பி. அவை மாறினால் அவர் மீதான புகார் என்ன ஆகும்?

மக்களவை எம்.பி. ஒருவர் மீது நெறிமுறைக் குழுவில் (எம்.பி.க்களின் நடத்தையை விசாரிக்கும் குழு) புகார் நிலுவையில் இருக்கிறது. நடுவில் அவர் மாநிலங்களவைக்குத் தேர்வாகிவிட்டால்? (திருச்சி வாசகர்)

தேர்வான அன்றே பழைய இடம் காலி. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மக்களவைக் குழு விசாரிப்பது மக்களவை உறுப்பினர்களைத்தான். கோப்பைத் தானாக அடுத்த அவைக்கு அனுப்பும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அங்கே புதிதாகப் புகார் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இது அடைக்க வேண்டிய ஓட்டை.

அப்படியானால் ராஜினாமா செய்தே தப்பிவிடலாமே? (கோவை வாசகர்)

1951-இல் எச்.ஜி. முட்கல் என்ற எம்.பி. அதைத்தான் முயன்றார். பம்பாய் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவையில் அவர்களுக்காகப் பேசினார் என்று விசாரணைக் குழு சொன்னது. பதவியைப் பறித்து அவையிலிருந்து வெளியேற்றும் தீர்மானம் நிறைவேறுவதற்குள் ராஜினாமா கடிதத்தை நீட்டினார். அவை விடவில்லை. இவர் வெளியேற்றப்பட வேண்டியவரே, அந்தக் கடிதத்தின் வாசகமும் அவையை அவமதிப்பதே என்று தீர்மானம் போட்டது. பதவி போனதென்னவோ ராஜினாமாவால்தான். ஆனால் பதிவேட்டில் கறை நின்றது.

ஒரு அவை வெளியேற்றியவர் இன்னொரு அவைக்கு வரலாமா? (சேலம் வாசகர்)

தாராளமாக. சுப்பிரமணியன் சுவாமியை 1976 நவம்பரில் மாநிலங்களவை வெளியேற்றியது. அடுத்த ஆண்டே பம்பாய் வடகிழக்கில் ஜெயித்து மக்களவையில் உட்கார்ந்தார். நெருக்கடி நிலைக் காலத்து வெளியேற்றம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியேற்றம் என்பது தேர்தலில் நிற்கத் தடை அல்ல. குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் கதை வேறு. அந்தத் தகுதியிழப்பு இரண்டு அவைக்கும் பொருந்தும்.

முந்தைய மக்களவைக் காலத்துத் தவறை அடுத்த மக்களவை விசாரிக்கலாமா? (சேலம், அதே வாசகர்)

விசாரித்திருக்கிறது. மாருதி கார் நிறுவனம் பற்றி அவையில் எழுந்த ஒரு கேள்விக்குத் தகவல் திரட்டிய அதிகாரிகளை இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது தடுத்தார் என்று உரிமைக் குழு (அவையின் உரிமை மீறல் புகார்களை விசாரிக்கும் குழு) சொன்னது. சம்பவம் ஐந்தாவது மக்களவைக் காலத்தது. அவரை வெளியேற்றியது ஆறாவது மக்களவை, 1978 டிசம்பர் 19 அன்று. 1981-இல் ஏழாவது மக்களவை அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தது. பெரும்பான்மை மாறினால் நீதியும் மாறுகிறது என்று சந்தேகிக்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஒரு அவை எம்.பி. மற்ற அவையை இழிவாகப் பேசினால் யார் விசாரிப்பது? (நெல்லை வாசகர்)

1954-இல் மக்களவை உறுப்பினர் என்.சி. சாட்டர்ஜி, மாநிலங்களவையைப் பொறுப்பில்லாத பையன்கள் கூட்டம் என்ற பொருளில் பேசியதாகச் செய்தி வந்தது. மாநிலங்களவைச் செயலகம் அவரிடமே விளக்கம் கேட்டது. எங்கள் உறுப்பினரை நீங்கள் எப்படிக் கேட்கலாம் என்று மக்களவையில் சத்தம். கடைசியில் இரு அவை உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து வழி சொன்னார்கள்: புகாரை அவர் எந்த அவையில் இருக்கிறாரோ அந்த அவைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும், அவர் அதைத் தன் அவையின் உரிமை மீறலாகவே பாவித்து விசாரிக்க வேண்டும். இன்றைக்கும் அதுதான் வழக்கம். (கேள்வி கேட்கப் பணம் வாங்கிய பத்து மக்களவை எம்.பி.க்கள் 2005-இல் வெளியேற்றப்பட்டபோது சபாநாயகர் நாற்காலியில் இருந்த சோம்நாத் சாட்டர்ஜி இந்த என்.சி. சாட்டர்ஜியின் மகன்.)

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் வருமா? (மதுரை வாசகர்)

இங்கே இரண்டாவது அவையான சட்ட மேலவையே 1986-இல் போய்விட்டதே! கர்நாடகம், ஆந்திரம் பக்கம் கேளுங்கள்.

சாதாரண ஆள் புகார் கொடுக்க முடியுமா? (தஞ்சை வாசகர்)

முடியும். மக்களவை என்றால் ஒரு எம்.பி. வழியாகப் போக வேண்டும், பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். மாநிலங்களவைக் குழுவுக்கு நேரடியாகவே எழுதலாம். வெறும் பத்திரிகைச் செய்தியை நறுக்கி ஒட்டி அனுப்பாதீர்கள், ஆதாரம் கேட்பார்கள். லஞ்சப் புகார் என்றால் போலீஸ், நீதிமன்ற வழியும் திறந்திருக்கிறது. ஓட்டுக்கோ பேச்சுக்கோ பணம் வாங்கினால் சட்டமன்ற, நாடாளுமன்றப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட லஞ்ச வழக்குக்கு எம்.பி. அவை மாறினாலும் ஒன்றுதான், மாறாவிட்டாலும் ஒன்றுதான்.