பல நாடுகளில் சுற்றி ஆடிய கூடைப்பந்து வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

டினோ ராஜா. குரோவேஷியாக்காரர். பெயரின் உச்சரிப்பு மட்டும் நம்ம ஊர் ராஜா மாதிரியே வரும்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் அவருடைய நாட்டுக்காரர்களான டிராஜென் பெட்ரோவிச், டோனி குகோச் பெயர்கள்தான் பதிலாக வரும். இருவருமே மேதைகள். ஆனால் ஸ்பிலிட், ரோம், பாஸ்டன், கிரீஸ் என்று சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து ஆடி முடித்தவர் ராஜா. எனக்கு அவர்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அந்தக் கடைசிப் பகுதிதான் காரணம்.

1967ல் அட்ரியாடிக் கடலோரத்தில் உள்ள ஸ்பிலிட்டில் பிறந்தார். அந்த ஊர் கிளப்புக்கு அப்போது யூகோபிளாஸ்டிகா என்று பெயர். ஊரில் இருந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பெயர் அது. 1989ல் மியூனிக்கில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதியாட்டம். ராஜாவுக்கு 21 வயது, குகோச்சுக்கு 20. இந்தப் பையன்கள் மக்காபி டெல் அவீவை 75-69 என்று வென்றார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருது ராஜாவுக்கு. அடுத்த வருடம் பார்சிலோனாவை வென்று மறுபடியும் கோப்பை.

அந்தக் காலப் பதிவுகளை உட்கார்ந்து பாருங்கள். உயரம் 2.11 மீட்டர். அவ்வளவு உயரமானவர்கள் வளையத்துக்கு அடியில் நின்றுகொண்டு பந்து வரட்டும் என்று காத்திருப்பார்கள். இவர் ரீபவுண்டை, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, எடுத்துக் கொடுத்துவிட்டு, பந்தைக் கொண்டுபோகும் வேகமான கார்டுகளோடு சேர்ந்து எதிர்முனைக்கு ஓடுவார். வளையத்துக்குப் பக்கத்தில், போஸ்ட் என்று சொல்லும் இடத்தில், முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, தோளை ஒரு பக்கம் லேசாக அசைப்பார். தடுப்பவர் அதை நம்பிக் குதித்ததும், அவர் கைக்குக் கீழே ஒரு எட்டு வைத்து மறுபக்கம் பந்தைப் போட்டுவிடுவார். நான் கல்லூரி அணியில் போஸ்ட் ஆடியவன். அந்த ஒரு அசைவைப் பழக எனக்கு ஒரு முழு சீசன் ஆனது.

அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1989ல், பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை 40வது இடத்தில் எடுத்தது. அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். 'எங்களோடு ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை' என்று யூகோபிளாஸ்டிகா பாஸ்டன் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி தடை போட, அவர் ஸ்பிலிட்டுக்கே திரும்பி வந்து இன்னொரு வருடம் ஆடினார். அப்புறமும் பாஸ்டன் போகவில்லை. ரோமில் இல் மெஸ்ஸாஜெரோ என்ற செய்தித்தாளின் பெயரில் ஆடிய அணிக்குப் போய், 1992ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோராச் கோப்பையை வென்று கொடுத்தார்.

ரோமில் இருந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது 1991 ஜூனை விட்டுவிட முடியாது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அந்த நகரில்தான் நடந்தது. யூகோஸ்லாவியா ஜெர்சியில் ராஜா ஆடிக்கொண்டிருக்கிறார். ஜூன் 25 அன்று குரோவேஷியாவும் ஸ்லோவேனியாவும் சுதந்திரம் அறிவிக்கின்றன. அணியில் இருந்த ஸ்லோவேனியர் யூரே ஸ்டோவ்ட்ஸ் பாதியிலேயே விலகினார். மற்றவர்கள் ஆடி, இத்தாலியை வென்று தங்கம் வாங்கினார்கள். எந்த நாட்டுக்காக வாங்கினார்களோ அது அப்போதே உடைந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் அவர் குரோவேஷிய ஜெர்சியில். அரையிறுதியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்து, இறுதியில் என்பிஏ நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்காவின் 'ட்ரீம் டீம்' முன்னால் நின்றார்கள். முதல் பாதியில் ஒரு கட்டத்தில் குரோவேஷியா 25-23 என்று முன்னிலையில் இருந்தது! முடிவு 117-85. ஆனாலும் அந்த 25-23ஐப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

1993ல் ஒருவழியாக பாஸ்டன் போனார். போன நேரம் சரியில்லை. செல்டிக்ஸின் பெரிய நட்சத்திரம் லாரி பேர்ட் ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தார், அந்தக் கோடையில்தான் அதே அணியின் ரெஜி லூயிஸ் இறந்திருந்தார், பெட்ரோவிச்சும் அந்த வருட ஜூனில் ஜெர்மனியில் கார் விபத்தில் போய்விட்டார். சரிந்துகொண்டிருந்த அணியில் நாலு சீசன் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 16.7 புள்ளிகளும் 8.4 ரீபவுண்டும் எடுத்தவரை 'என்பிஏவில் எடுபடவில்லை' என்று எழுதுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். மூன்றாவது சீசனில் சராசரி 19.7. இது எடுபடாத ஆளின் கணக்கா?

அப்புறம் முழங்கால். 1996-97 சீசனில் 25 ஆட்டங்களோடு சரி. அடுத்து அவரை ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றப் பேசி முடித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் கால் தேறவில்லை என்று அந்தப் பேரம் முறிந்தது. எனக்கும் இருபத்தோரு வயதில் முழங்கால் தசைநார் கிழிந்தது. மருத்துவர் எக்ஸ்ரே பெட்டி விளக்கை அணைத்துக்கொண்டே 'இனி ஆட வேண்டாம்' என்றார். அறைக்கு வந்து ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அதனால் ராஜாவின் கதையில் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துபோக என்னால் முடியாது.

அவர் ஷூவைக் கழற்றவில்லை. ஃபிலடெல்ஃபியா வேண்டாம் என்ற அதே காலோடு ஏதென்ஸ் போய், பனாதினைகோஸ் அணியில் 1998, 1999 என்று இரண்டு கிரேக்க லீக் பட்டங்கள். பிறகு சொந்தக் கடற்கரைக்குத் திரும்பி ஜாதர் அணியில் ஒரு வருடம், 2000ல் குரோவேஷியக் கோப்பை. மறுபடியும் கிரீஸ், இந்த முறை பனாதினைகோஸின் பரம எதிரியான ஒலிம்பியாகோஸ். அங்கிருந்து தலைநகர் ஜாக்ரெபின் சிபோனா, 2002ல் லீக் பட்டம்.

குரோவேஷிய லீக் தொடங்கியதிலிருந்து அந்த வருடம் வரை பதினொரு முறையும் பட்டம் சிபோனாவுக்குத்தான். ராஜாவின் ஊர் கிளப்பான ஸ்பிலிட் ஒரு தடவைகூட வென்றதில்லை. 2002 கோடையில் ராஜா சிபோனாவை விட்டு ஸ்பிலிட்டுக்கு வந்தார். 2003ல், அவருக்கு 36 வயதில், ஸ்பிலிட் லீக் பட்டத்தை வென்றது. அதோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

2018ல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது 2003 ஸ்பிலிட்டைத்தான்.