அம்மாவின் புது ஷூ

கேள்வி: மே மாதம் ஏழு இரவு மத்தியதரைக்கடல் கப்பல் பயணம் போகிறோம். நான், மனைவி, 4 வயது மகன், 71 வயது அம்மா. பார்சிலோனாவில் ஏறினால் மார்செய், ஜெனோவா, லிவோர்னோ, சிவிதாவெக்கியா (ரோமுக்குப் போக இறங்கும் துறைமுகம்), நேப்பிள்ஸ் என்று கரையோரமாகவே போகும் கப்பல். ஒவ்வொரு துறைமுகத்திலும் பத்து மணி நேரம்தான் நிற்கும். ரோமில் கொலோசியம், வாத்திகன், ட்ரெவி நீரூற்று; லிவோர்னோவிலிருந்து பீசா, ஃபுளோரன்ஸ் இரண்டும்; நேப்பிள்ஸில் பொம்பெய், வெசூவியஸ் எரிமலை இரண்டும் என்று நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டிருக்கிறேன். எதையும் விடாமல் பார்க்க, கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போவதா, சொந்தமாகப் போவதா? அம்மாவுக்கு மூட்டுவலி. "நான் கப்பல்லயே பேரனைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் ஒரு புது ஷூ வாங்கி, தினமும் சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகுகிறார். எங்களுக்கு ஒரே சிரிப்பு.

பதில்: தம்பி, அட்டவணையை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஷூ.

கப்பலிலேயே இருக்கப்போகிறவருக்கு ஷூ எதற்கு? கேபினிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை கம்பளம். மாடி ஏற லிஃப்ட். வீட்டுச் செருப்பே போதும். தெருவில், கல்லில், மேட்டில் நடக்கப்போகிறவருக்குத்தான் ஷூ வேண்டும். புது ஷூ முதல் வாரம் குதிகாலைக் கடிக்கும், அதை ஊருக்குப் போகும் முன்பே பழக்கிவிட வேண்டும் என்றும் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. வாய் "வரவில்லை" என்கிறது. கால் தினமும் சாயங்காலம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்க போயிட்டு வாங்க" என்ற வார்த்தை எனக்கு வரும் கடிதங்களில் ஓயாமல் வருகிறது. எழுதுகிற பிள்ளைகள் அதை அனுமதிச் சீட்டு மாதிரி நீட்டுகிறார்கள். 71 வயதில் ஒரு தாய் அப்படிச் சொல்வது, தன் முழங்காலால் உங்கள் நாள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. "இல்லம்மா, நீங்களும் வாங்க" என்று நீங்கள் இன்னொரு தடவை சொல்வதற்கு அதில் இடம் விட்டிருக்கிறார். சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. "அந்தக் கவலை இல்லை" என்ற வரிதான் இருக்கிறது.

துறைமுக நாளில் கப்பல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை ஒன்பதரைக்குள் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். மேல்தளத்தில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். கம்பிப் பக்கம் ஒரு வயதான அம்மா பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். "அதோ அந்த வெள்ளை பஸ்லதான் அப்பா போறார்" என்று காட்டுவார். பையன் கையாட்டுவான். பஸ்ஸிலிருந்து யாரும் பார்க்கமாட்டார்கள். பத்து நிமிடத்தில் பையனுக்கு அலுத்துவிடும், நீச்சல் குளத்துக்கு இழுப்பான். பாட்டியால் அவன் பின்னால் ஓட முடியாது. இந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஐந்து துறைமுகம், நாளுக்கு 8 மணி நேரம் என்றாலும் 40 மணி நேரம் ஒரு நாலு வயதுப் பையன் அவர் பொறுப்பு. அவனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்து அடிபட்டாலோ, ரோமில் இருக்கும் நீங்கள் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள். பேரனோடு இருப்பது பாட்டிக்குச் சந்தோஷமாக இருக்கலாம். அவனைப் பார்த்துக்கொள்வது அவனைப் பெற்ற உங்கள் இருவரின் கடமை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதும் உங்கள் கடமைதான். இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு ட்ரெவி நீரூற்றில் காசு போடப் போகிறேன் என்கிறீர்கள்.

சரி, அட்டவணைக்கு வருவோம். அம்மாவைச் சேர்க்க அதில் இடமில்லை என்பீர்கள். உங்களுக்கே இடமில்லாத அட்டவணை அது. கப்பல் காலை 8 முதல் மாலை 6 வரை நிற்கிறது என்றால் பத்து மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணியிருக்கிறீர்கள். துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசையில் நின்று இறங்க எட்டரை ஆகும். கிளம்பும் நேரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். சிவிதாவெக்கியாவில் கப்பலடியிலிருந்து துறைமுக வாசலுக்கு பஸ், அங்கிருந்து ரயில் நிலையம், அப்புறம் ரோமுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். திரும்பவும் அதே தூரம். கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதில் கொலோசியமும் வாத்திகனும் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அவர் பார்த்தது வரிசையில் முன்னால் நின்றவரின் முதுகைத்தான்.

துறைமுகத்துக்கு ஒன்று. அவ்வளவுதான்.

ரோமுக்குக் கப்பல்காரர்களின் சுற்றுலாவிலேயே போங்கள். தூரம் அதிகம், அவர்கள் பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும், முடியாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பாடு. சொந்தமாகப் போய்த் தாமதமானால் கப்பல் போயே போய்விடும். ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் நடை எவ்வளவு, படி எவ்வளவு, சுலபமா கடினமா என்று குறித்திருப்பார்கள். அம்மாவையும் உட்காரவைத்து அதைப் படித்து, சுலபமானதைப் பதிவு செய்யுங்கள். இல்லை, ரயிலில்தான் போவேன் என்றால் ரோமா சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்குங்கள். வாத்திகனின் புனித பேதுரு சதுக்கம் அங்கிருந்து பக்கம். அதை மட்டும் ஆற அமரப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கொலோசியம் இருக்கட்டும்.

லிவோர்னோ நாளில் ஃபுளோரன்ஸை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். பீசா ரயிலில் இருபது நிமிடத்துக்குள். சாய்ந்த கோபுரத்தில் 8 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றவே மாட்டார்கள், ஆகவே உங்கள் பையனும் கீழேதான் நிற்கப்போகிறான். கோபுரத்தைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி, சமதரை. பாட்டியும் பேரனும் கோபுரத்தைக் கையால் தாங்குவது மாதிரி நின்று ஒரு படம் எடுக்கட்டும். பீசாவும் வேண்டாம் என்றால் லிவோர்னோவிலேயே மஸ்காஞி மேடை இருக்கிறது. கடலை ஒட்டிச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அகன்ற நடைபாதை. முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் கிடைப்பது கஷ்டம்.

நேப்பிள்ஸில் எரிமலை வேண்டாம். வண்டி விடும் இடத்துக்கு மேலே சரளைக்கல் ஏற்றத்தில் நடந்துதான் ஏறவேண்டும். பொம்பெய் போங்கள். கி.பி. 79-இல் சாம்பலில் புதைந்த அந்த ஊரின் தெருக்கல் இளவயதுக்காரர்களையே தடுக்கிவிடும் என்பது நிஜம். ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே 3 கிலோமீட்டருக்கு மேல் சமப்படுத்திய பாதை ஒன்று உள்ளே போட்டிருக்கிறார்கள். பியாட்சா ஆன்ஃபிதியாத்ரோ வாசலில் நுழைந்தால் அதைப் பிடிக்கலாம். பாதி தூரம் போய்த் திரும்பினாலும் போதும்.

ஜெனோவாவில் கப்பலிலிருந்து பழைய துறைமுகம் பக்கம், அங்கே பெரிய மீன் காட்சியகம். பையனுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்கு உட்கார இடம். மார்செயில் கப்பல் நிற்கும் இடம் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி. பஸ்ஸில் பழைய துறைமுகம் வந்துவிட்டால் மலைமேல் இருக்கும் நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயத்துக்குச் சாலையில் ஓடும் குட்டி ரயில் போகிறது. இந்த இரண்டு ஊருக்கும் சுற்றுலாவில் பணம் கட்ட வேண்டாம், நீங்களே போகலாம்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் கப்பலில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் ஏறி இறங்கவும் அவசரத்துக்கும்தான், கரைக்குத் தரமாட்டார்கள். மடிக்கும் நாற்காலி ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், அல்லது முன்கூட்டியே வாடகைக்குச் சொல்லி வையுங்கள். அம்மா கூச்சப்பட்டால் பையனுடைய பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். கால் வலிக்கும்போது அவரே உட்காருவார்.

நீங்களும் மனைவியும் தனியாகப் போக ஒரு நாள் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், ஒரே ஒரு நாள். பல கப்பல்களில் குழந்தைகள் கூடம் இருக்கிறது, 3 வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். பெற்றோர் கரையில் இருக்கும்போது வைத்துக்கொள்வார்களா என்று உங்கள் கப்பலில் இப்போதே கேளுங்கள். அன்றைக்கு அம்மா யாரையும் துரத்த வேண்டாம். காலி மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும்.

இன்று சாயங்காலம் அவர் நடக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். குனிந்து, ஷூவின் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்து, விரலுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இறுக்கிப் பிடிக்கிறது என்றால் நாளைக்கே மாற்றிக் கொடுங்கள். இன்னும் ஒன்று: முதல் நாள் துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வந்துசேர மாலைகூட ஆகலாம். ஷூவைப் பெட்டியில் போடாதீர்கள். அம்மா காலிலேயே இருக்கட்டும்.