ஒரே நாடாக இல்லாத பண்டைய கிரேக்கர்கள் தங்களை ஒரே இனமாக எப்படி உணர்ந்தார்கள்?

இஸ்தான்புல்லில் சுல்தான் அகமது சதுக்கத்தில், இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு வேலி. உள்ளே மூன்று பாம்புகள் பின்னி முறுக்கி எழும் வெண்கலத் தூண். ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் உயரம், பாசி நிறம், பாம்புகளுக்குத் தலை இல்லை. நான் போன அன்று எல்லோரும் அருகிலிருந்த எகிப்தியக் கல்தூணைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அந்தப் பள்ளத்தை விட்டு வர மனமில்லை. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த வெண்கலத்தில் இருக்கிறது.

கி.மு. 479இல் பிளாட்டியாவில் பாரசீகப் படையை வென்ற கிரேக்கர்கள், கிடைத்த பொருளில் பத்தில் ஒரு பங்கை எடுத்து டெல்பி என்ற கோயில் ஊரில் அப்போலோ தெய்வத்துக்குக் காணிக்கை செய்தார்கள். பொன் முக்காலியும், அதைத் தாங்கிய, பின்னாளில் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தத் தூணும் அப்படி வந்தவை. தலைமை தாங்கிய ஸ்பார்ட்டாவின் பௌசானியாஸ் அந்தக் காணிக்கையில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். ஸ்பார்ட்டாவே அதை அழித்துவிட்டு, சேர்ந்து போரிட்ட ஊர்களின் பெயர்களைப் பொறித்தது. மொத்தம் 31.

அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. நமக்குத் தெரிந்த கிரேக்க நகர அரசுகள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல். தீப்ஸ் பாரசீகர் பக்கம் நின்று போரிட்டது. ஆர்கோஸ் ஒதுங்கிக்கொண்டது. பாரசீகப் படையெடுப்பு கிரேக்கர்களை ஒன்றாக்கியது என்று பள்ளியில் படித்ததை நான் இப்போது ஏற்பதில்லை.

அன்றாட வாழ்விலும் அவர்கள் தனித்தனிதான். ஊருக்கு ஒரு நாணயம், ஊருக்கு ஒரு நாள்காட்டி. எழுத்துவடிவம்கூட ஊருக்கு ஊர் மாறியது; ஏதென்ஸ் ஐயோனிய எழுத்துக்கு முறைப்படி மாறியது கி.மு. 403 வாக்கில்தான். ஸ்டாகிராவில் பிறந்த அரிஸ்டாட்டில் ஏதென்ஸில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் கடைசி வரை அந்த ஊர்க் குடிமகன் ஆகவில்லை. பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது: ‘கிரேக்கர்’ என்பது ரோமானியர் வழி வந்த பெயர், நம் சங்கப் பாடல்களின் ‘யவனர்’, ஐயோனியர் என்ற ஒரு பிரிவின் பெயரிலிருந்து வந்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டது ஹெலனியர் என்று.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்? பாரசீகரோடு உடன்பாடு செய்துகொள்ள மாட்டோம் என்று ஸ்பார்ட்டாவின் தூதர்களுக்கு ஏதெனியர் உறுதி சொன்னதை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஒரே இரத்தம், ஒரே மொழி, பொதுவான கோயில்களும் பலிகளும், ஒத்த பழக்கவழக்கங்கள் என்று காரணம் அடுக்குகிறார்கள். இவற்றில் கோயில்களைத்தான் நான் முதலில் வைப்பேன். இரத்தமும் மொழியும் வெறும் பேச்சாக நின்றுவிடலாம். கோயிலுக்கு நடந்து போக வேண்டும், அங்கே பகைவனையும் பார்க்க வேண்டும்.

கி.மு. 420இல் ஒலிம்பியாவின் விளையாட்டு விழாவில் நடந்ததைப் பாருங்கள். விழாக்காலப் புனிதப் போர்நிறுத்தத்தை மீறியதாகச் சொல்லி, விழாவை நடத்திய எலிஸ் ஊரார் ஸ்பார்ட்டாவுக்கு அபராதம் விதித்தார்கள்; அது கட்டாததால் விழாவுக்குள் விடவில்லை. ஸ்பார்ட்டாவின் படைக்கு முன் எலிஸ் எம்மாத்திரம்? ஆயுதத்தோடு வந்துவிடுவார்களோ என்று எல்லோரும் அஞ்சினார்கள். ஸ்பார்ட்டா வரவில்லை. லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரரின் தேர் மட்டும் பியோஷியா என்ற வேறொரு கிரேக்கப் பகுதியின் பெயரில் ஓடி வென்றது. தேர் தன்னுடையது என்று காட்ட அவர் களத்தில் இறங்கி, தேரோட்டியின் தலையில் பட்டம் கட்டினார். விழா அதிகாரிகள் அந்த இடத்திலேயே அவரை அடித்தார்கள். அப்போதும் ஸ்பார்ட்டா படை எடுக்கவில்லை.

டெல்பி கோயிலைக் காத்த கூட்டமைப்பின் உறுதிமொழியும் அப்படித்தான்: உறுப்பினர் ஊர் எதையும் அடியோடு அழிக்க மாட்டோம், போரிலும் அமைதியிலும் அதன் தண்ணீரைத் தடுக்க மாட்டோம். போரே வேண்டாம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. உறவினர் சண்டைக்கும் ஒரு வரம்பு உண்டு என்றார்கள், அவ்வளவுதான். அந்த வரம்பும் பல முறை மீறப்பட்டது.

கி.மு. 413இல் சிசிலியில் தோற்ற ஏதெனியப் படையில் குறைந்தது 7,000 பேரை அங்கிருந்த சைரகியூஸ் நகரம் கல் குவாரிகளில் அடைத்தது. நாளுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர், வெயில், பிணங்களின் நாற்றம். அடைத்தவர்களும் கிரேக்கர்கள்தான். அதே சிசிலிக்காரர்களுக்கு ஏதென்ஸின் நாடகக் கவிஞர் யூரிப்பிடிஸின் கவிதை மீது தீராத ஆசை இருந்தது என்கிறார் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். உயிரோடு ஊர் திரும்பிய ஏதெனியர் சிலர் யூரிப்பிடிஸைத் தேடிப் போய் நன்றி சொன்னார்களாம். நினைவிலிருந்த வரிகளைக் கற்றுக்கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் அவர்கள். இன்னும் சிலர் போருக்குப் பின் திக்குத் தெரியாமல் அலைந்தபோது, அவருடைய பாடல்களைப் பாடியதற்காக உணவும் தண்ணீரும் பெற்றவர்கள்.